புட்டிச் சத்தும் பானைச் சத்தும்

(உடப்புசல்லாவையில் நடைபெற்ற மக்கள் நலக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இராகலை பஸ்ஸில் ஏறினாலும், கோயில் திருவிழாவுக்குப் போனாலும், மரண வீட்டில் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். "டொக்டர் ஐயா, இதயத்துக்கு எந்த விற்றமின் நல்லது?" முன்பெல்லாம் விற்றமினோடு கேள்வி முடிந்துவிடும். இப்போது கைத்தொலைபேசியைத் திறந்து காட்டி, "லைசின் எடுக்கலாமா, ஆர்ஜினின் எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். புரதத்தின் துண்டுகளான இந்த அமினோ அமிலங்களின் பெயர் லயத்து வாசல் வரை வந்துவிட்டது. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பில் பேசச் சொன்னபோது உடனே ஒத்துக்கொண்டேன்.

சுற்றி வளைக்காமல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு சத்து குறைந்திருந்தால், அதைக் கொடுப்பது மருந்து. குறையில்லாத உடம்பில் அதையே கொட்டினால் அது செலவு. சில வேளைகளில் கேடும்கூட. தேயிலையோடு வாழும் உங்களுக்கு இது புதிதல்ல. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தை நிறுத்தியபோது மலை எப்படி மஞ்சளித்தது, கொழுந்து எப்படிக் குறைந்தது என்று பார்த்தீர்கள். உரம் திரும்பி வந்ததும் செடி தேறியது. அதற்காக ஒரு செடிக்குப் பத்துச் செடியின் யூரியாவைக் கொட்டினால் பத்து மடங்கு கொழுந்து வருமா? வேர்தான் கருகும். இன்று நான் சொல்லப்போவது முழுவதும் இந்த ஒரு கணக்குத்தான்.

புழுங்கலரிசி காத்த இதயங்கள்

விற்றமின் இதயத்தைக் காப்பாற்றிய கதை ஒன்று உண்மையிலேயே உண்டு. அந்தக் கதையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும். மூச்சு வாங்கும். இதயம் பெருத்து, நேற்று நடந்த ஆள் இன்று விழுந்து செத்துப்போவார். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அதே ஊரில், அதே வெயிலில், அதே மாதிரியான நெருக்கடிக் குடிசைகளில் கிடந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அரிதாகத்தான் வந்தது. அப்போது நெகிரி செம்பிலானில் வைத்தியராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சாதி, தண்ணீர், காற்று என்று எல்லாவற்றையும் யோசித்துக் கடைசியில் சோற்றுப் பானைக்கு வந்து சேர்ந்தார். சீனர்கள் உண்டது சியாமிலிருந்து வந்த, தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. 1907இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற வைத்தியர், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்துக்குப் பச்சரிசியும் மறுபக்கத்துக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் உண்ட பக்கத்தில் ஒருவரும் இறக்கவில்லை. அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்டுச் செய்த சோதனை அல்ல அது. இன்று அப்படிச் செய்ய எந்த ஒழுக்க நெறிக் குழுவும் விடாது. ஆனால் அந்த 18 உயிர்கள் சொல்லிவிட்டுப் போன பாடம் பெரியது.

காரணம் பிறகு தெரிந்தது. நெல்லின் தவிட்டுப் படையில் தயமின் என்ற பி1 விற்றமின் இருக்கிறது. பச்சரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் எல்லாம் போவதில்லை. இதயத் தசை மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்கத் தயமின் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் எரிபொருள் இருந்தும் இதயம் இயங்காது. ஜாவாவில் கோழிகளை வைத்து இந்த ஆராய்ச்சிக்கு வழிதிறந்த எய்க்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார். தயமினை ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய ரொபர்ட் வில்லியம்ஸ் நெல்லூரில் பிறந்தவர்; 1936இல் அதை முடித்தார். பெரிபெரியால் இதயம் தளர்ந்து, மூச்சுத் திணறிக் கிடக்கும் நோயாளிக்குத் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே தேறத் தொடங்குவதைக் காணலாம். மருத்துவத்தில் இவ்வளவு அழகான காட்சி அதிகம் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தமிழ்த் தொழிலாளர்கள் எந்த மாத்திரையும் விழுங்கவில்லை. ஆத்தாமார் காலத்திலிருந்து உண்டு பழகிய புழுங்கலரிசியைச் சமைத்தார்கள். சத்து பானையிலேயே இருந்தது.

குன்னூர் தந்த பாடம்

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, நம் சொந்தபந்தங்களில் எத்தனையோ பேர் மூட்டை கட்டிக்கொண்டு நீலகிரிக்குப் போனார்கள். அந்த நீலகிரியில் குன்னூர் என்று ஒரு தேயிலை ஊர் இருக்கிறது. அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் 1918இல் ரொபர்ட் மக்கரிசன் என்ற வைத்தியர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய இந்திய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

அதே குன்னூரில் லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியரும் வேலை செய்தார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் கர்ப்பிணிப் பெண்கள் இரத்தசோகையால் வெளிறிச் சாவதைப் பார்த்தவர் அவர். அது இரும்புச் சத்தால் தீராத இரத்தசோகை. பல சோதனைகளுக்குப் பிறகு, மலிவான ஈஸ்ட் சாரமான மார்மைட் அதைத் தீர்ப்பதைக் கண்டார். அதற்குள் இருந்த பொருளுக்குப் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இன்று கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் வாங்கும் மாத்திரையின் மூலக் கதை இது. நம் நாட்டிலும் 1934–35 மலேரியாக் கொள்ளை நோயின்போது ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மெலிந்து கிடந்த மக்களுக்கு மார்மைட் கொடுத்தார்கள். இன்றும் நம் கடைகளில் அந்தப் போத்தல் இருக்கிறது. ஆனால் அதில் உப்பு அதிகம். பிரஷர் உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாக் கதைகளிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. எல்லாரும் குறை உள்ளவர்கள். குறையை நிரப்பியதும் எழுந்து உட்கார்ந்தார்கள். இதைப் பார்த்த உலகம் அடுத்ததாக ஒரு தாவு தாவியது: குறை தீர்த்தது என்றால், கூடக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே?

அழகான கருத்து, கைவிட்ட சோதனை

1969இல் அமெரிக்காவில் கில்மர் மக்கல்லி என்ற நோயியலாளர், பிறவிக் கோளாறால் இறந்த சிறு குழந்தைகளின் இரத்தக் குழாய்கள் கிழவர்களுடையதைப் போலத் தடித்துப் போயிருப்பதைக் கண்டார். வெவ்வேறு கோளாறு உள்ள அந்தக் குழந்தைகளுக்குப் பொதுவாக இருந்தது, இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மிகுந்திருந்ததுதான். அப்படியானால் பெரியவர்களின் மாரடைப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். அவரை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிந்திய ஆய்வுகள், ஹோமோசிஸ்டீன் கூடியவர்களுக்கு மாரடைப்பும் கூடுதலாக வருவதைக் காட்டின. ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றும் அதைக் குறைக்கும். மலிவான மருந்து, எளிய வழி. உலகமே நம்பியது.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஹோப்-2 என்ற ஆய்வில் இதய நோயோ நீரிழிவோ உள்ள 5,522 பேரில் ஒரு பாதிக்கு ஐந்து ஆண்டுகள் இந்த விற்றமின்களையும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்தார்கள். 2006இல் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் குறைந்தது உண்மை. மாரடைப்போ இதய நோய் மரணமோ குறையவில்லை. அதே ஆண்டு வந்த நோர்வே ஆய்வும் இதையே சொன்னது. நெருப்புள்ள இடத்தில் புகை இருக்கும். புகையை விசிறித் தள்ளினால் நெருப்பு அணையாது.

இன்னொரு ஆய்வையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015இல் சீனாவில் பிரஷர் உள்ள 20,702 பேரிடம் நடந்த ஆய்வில், பிரஷர் மருந்தோடு ஃபோலிக் அமிலமும் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. 100 பேரில் 3.4 என்று இருந்தது 2.7 ஆனது. ஏன் அங்கே பலித்தது? சீனாவில் மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதில்லை. பலருக்கு அந்தச் சத்து குறைவு. குறை இருந்த இடத்தில் பலன் கிடைத்தது. நான் முதலில் சொன்ன கணக்கு மாறவில்லை, பாருங்கள்.

ஒரே ஆய்வில் இரண்டு மாத்திரை

விற்றமின் ஈயின் கதைக்கு வருவோம். 1994இல் பின்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. புகை பிடிக்கும் 29,133 ஆண்களுக்கு விற்றமின் ஈயும், கரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் மாத்திரையாகக் கொடுத்திருந்தார்கள். பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. மரணமும் கூடியிருந்தது. கந்தப்பளைக் கரட் யாரையும் கொன்றதில்லை. கரட்டிலிருந்து ஒரு பொருளை மட்டும் உருவி, பெருமளவில் புகைக்காரனின் நுரையீரலுக்குள் அனுப்பியதுதான் வினையானது.

அதே 1994இல் ஸ்கண்டினேவியாவில், இதய நோயுள்ள 4,444 பேரிடம் சிம்வாஸ்டட்டின் என்ற கொலஸ்ரோல் மாத்திரையைச் சோதித்த முடிவும் வந்தது. மரணம் 30 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், சத்து மாத்திரைகள் பலன் தருகின்றன என்று நிரூபிக்காமலே சந்தைக்கு வரலாம் என்று சட்டமும் வந்தது. விற்றமின் கேடு செய்யலாம், மருந்து உயிர் காக்கலாம் என்று தெரிந்த அதே ஆண்டில், விற்றமினுக்குக் கதவு அகலத் திறந்துவிட்டது.

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று இருக்கிறது. கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் படித்து, கனடாவில் புகழ்பெற்ற இதய வைத்தியர் சலீம் யூசுப் முன்னின்று நடத்திய ஹோப் ஆய்வு. 2000ஆம் ஆண்டு வெளியானது. இதய ஆபத்துள்ள 9,500க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே ஆய்வில் இரண்டு மாத்திரைகளைச் சோதித்தார்கள். ஒன்று விற்றமின் ஈ. மற்றொன்று ராமிப்ரில் என்ற சாதாரண மருந்து. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ராமிப்ரில் எடுக்காதவர்களில் 100க்கு 17.8 பேருக்கு வந்தது, எடுத்தவர்களில் 14 பேருக்குத்தான் வந்தது. விற்றமின் ஈ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதே வைத்தியர்கள், அதே நோயாளிகள், அதே ஆண்டுகள். இனி யாராவது "மருந்து வேண்டாம், இயற்கைச் சத்து போதும்" என்றால், இந்த ஓர் ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

லைசினும் ஆர்ஜினினும்

இப்போது அமினோ அமிலம். லைசின் மாத்திரையின் பின்னால் சாதாரண ஆள் இல்லை. லைனஸ் போலிங், இரண்டு நோபல் பரிசு பெற்றவர். 1954இல் இரசாயனத்துக்கு, 1962இல் சமாதானத்துக்கு. அவரும் மத்தியாஸ் ராத் என்பவரும் 1990 வாக்கில் ஒரு கருத்தைச் சொன்னார்கள். மனித உடம்பு விற்றமின் சியைத் தானே செய்துகொள்ளாது, அது குறைந்தால் இரத்தக் குழாயின் சுவர் பலவீனமாகும், அந்த வெடிப்பை அடைக்க லிப்போபுரதம்-ஏ என்ற கொழுப்பு வந்து ஒட்டுகிறது, அதுவே அடைப்பாகிறது. விற்றமின் சியையும் லைசினையும் நிறையக் கொடுத்தால் அந்தக் கொழுப்பு ஒட்டாமல் கழன்றுவிடும் என்பது அவர்களது வாதம்.

இதில் பாதி உண்மை. லிப்போபுரதம்-ஏ ஆபத்தானதுதான், ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களான நமக்குச் சராசரியாகக் கூடுதல், அது பெரும்பாலும் பிறப்போடு வருவது. ஆனால் லைசின் அதைக் கழற்றும் என்பது மனிதரிடம் முறையாகச் செய்த எந்தப் பெரிய ஆய்விலும் நிரூபணமாகவில்லை. விற்றமின் சியை அமெரிக்காவில் 14,641 ஆண் வைத்தியர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். எட்டு ஆண்டுகள் எடுத்தும் இதய நோய் குறையவில்லை. நோபல் பரிசு பெற்றவர் சொன்னார் என்பதற்காக இரத்தக் குழாய் கேட்டுக்கொள்வதில்லை. ராத் பின்னாளில் தென்னாபிரிக்காவுக்குப் போய் எயிட்ஸ் நோய்க்கு விற்றமின் கொடுக்கக் கிளம்பினார். 2008இல் கேப் டவுன் உயர் நீதிமன்றம் அந்தச் சோதனைகளைச் சட்டவிரோதம் என்றது.

ஆர்ஜினின் கதை இன்னும் பாடமானது. இரத்தக் குழாய் விரிவதற்கு நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு தேவை; அதைக் கண்டதற்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பு அந்த வாயுவை ஆர்ஜினினில் இருந்துதான் செய்கிறது. ஆகவே ஆர்ஜினின் கொடுத்தால் குழாய் விரியும், இதயம் தேறும். காகிதத்தில் கணக்குச் சரி. மாரடைப்பு வந்து தப்பிய 153 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2006இல் அது வெளியானது. மாரடைப்பு வந்தவர்கள் ஆர்ஜினின் எடுக்கக் கூடாது என்று அதிலேயே எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் "சத்துத்தானே, என்ன செய்துவிடும்?" என்ற கேள்விக்கு இது போதும்.

ரொட்டியும் பருப்பும்

அப்படியானால் லைசின் நமக்குத் தேவையே இல்லையா? மிகவும் தேவை. தோட்டத்துச் சாப்பாட்டில் உண்மையிலேயே குறைகிற அமினோ அமிலம் அதுதான்.

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் லைசின் வேண்டும். அவர் காலையிலும் பகலிலும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் லயங்களில் எத்தனை வீட்டில் இது வழக்கம் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 300 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 0.7 கிராம் லைசின்தான் இருக்கிறது. தேவையில் பாதிகூட இல்லை. லைசின் குறைந்தால் மாவில் உள்ள மற்ற அமினோ அமிலங்களும் முழுதாகப் பயன்படாது. உடம்பு அவற்றைத் தசையாக்க முடியாமல் எரித்துவிடும். வயிறு நிறையும், உடம்பு தேறாது.

இப்போது அந்த ரொட்டிக்குப் பக்கத்தில் 50 கிராம் மைசூர்ப் பருப்பை அவித்து வையுங்கள். ஒரு பெரிய கைப்பிடி. அதில் ஏறத்தாழ 0.85 கிராம் லைசின் இருக்கிறது. 0.7 உடன் 0.85ஐக் கூட்டினால் ஒன்றரை கிராம் வந்துவிட்டது. பருப்பில் மெத்தியோனின் என்ற அமிலம் குறைவு. அது கோதுமையில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. கடையில் விற்கும் 500 மில்லிகிராம் லைசின் மாத்திரை ஒன்றில் இருப்பது, 30 கிராம் பருப்பில் இருப்பதுதான். ஆர்ஜினினும் அதே பருப்பில் தாராளமாக உண்டு. பயறு, கௌபி, கடலை, சோயா எல்லாம் இதே வேலையைச் செய்யும். நெத்தலியும் முட்டையும் இன்னும் சிறப்பு. 1973இலிருந்து தாய்சேய் நிலையங்களில் கொடுக்கும் திரிபோஷாவிலும் சோளத்தோடு சோயாவைச் சேர்த்தது இதே காரணத்துக்காகத்தான்.

பருப்புக் கறியில் ஒரு பிடி பொன்னாங்காணியோ வல்லாரையோ போட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். ஃபோலேட்டும் கிடைக்கும்; தேசிக்காயின் விற்றமின் சி, கீரையில் உள்ள இரும்பை உடம்பில் சேர்க்கும். விற்றமின் சி உங்களுக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான். சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் அந்த இரும்பில் பெரும் பகுதி வீணாகிவிடும். நாம் கொழுந்து பறிக்கிறோம் என்பதற்காகச் சோற்றோடு தேநீர் குடிக்க வேண்டும் என்று எந்தத் தோட்டச் சட்டமும் இல்லை. (சிரிப்பு.) ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். இரத்தசோகை உள்ள பெண் கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறும்போது நெஞ்சு படபடப்பது, இரத்தம் சுமக்க வேண்டிய ஒட்சிசனை இதயம் ஓடி ஓடிச் சுமப்பதால். அவருக்குத் தேவை இரும்பு.

பையில் இருந்தவை

சில காலத்துக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். கால் வீக்கம், தலைச்சுற்று. பிரஷர் பார்த்தேன், மேல் அளவு இருநூறை நெருங்கியிருந்தது. "கிளினிக் மருந்து எடுக்கிறீர்களா, அம்மா?" என்றேன். பையை மேசையில் கவிழ்த்தார். கிளினிக் கொப்பி விழுந்தது. கடைசிப் பதிவு பல மாதங்களுக்கு முந்தியது. கொப்பிக்குள் மடித்து வைத்த காகித உறையில் பிரஷர் மாத்திரைகள் அப்படியே இருந்தன. அதன் பிறகு ஒரு பெரிய வெள்ளைப் புட்டி உருண்டு வந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் அனுப்பியது. முன்பக்கம் சிவப்பு இதயம் ஒன்றை வரைந்திருந்தார்கள்.

"இது சத்து மருந்து ஐயா. பக்கவிளைவு இல்லையாம். ரெண்டும் சேர்த்து எடுத்தா சூடுன்னு அத நிப்பாட்டிட்டேன்" என்றார்.

புட்டியைத் திருப்பி, பின்பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொடி எழுத்தில், இது எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ அல்ல என்று எழுதியிருந்தது. அமெரிக்கச் சட்டம் எழுதச் சொல்லும் வாசகம் அது. முன்பக்கம் இதயப் படம், பின்பக்கம் இதயத்துக்கல்ல என்ற வாக்குமூலம். மகனின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அன்பு, இலவசமாகக் கிடைத்த மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சத்து மாத்திரையின் பெரிய பக்கவிளைவு அதுதான்.

எல்லாப் புட்டியையும் எறிந்துவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு விற்றமின் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் அமிலமும் இரும்பும் கட்டாயம். சீனி வருத்தத்துக்கு நெடுங்காலம் மெற்போமின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். கால் விறைத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கசிப்பிலோ சாராயத்திலோ வருடக்கணக்காகக் கிடந்தவருக்குத் தயமின் குறைந்து இதயமே தளரலாம். மலாயாவின் அந்தப் பழைய நோய் இன்று இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. மறுபுறம், வால்வு மாற்றி வார்பரின் எடுப்பவர்கள் விற்றமின் கேயோ ஈயோ உள்ள மாத்திரையைத் தொடுமுன் கேட்டாக வேண்டும். ஒன்று மருந்தை முறித்துக் குருதிக் கட்டி உண்டாக்கலாம், மற்றது இரத்தப்போக்கைக் கூட்டலாம்.

இதயத்துக்கு உண்மையில் வேண்டியவை

2004இல் சலீம் யூசுப்பின் குழு 52 நாடுகளில் மாரடைப்புக் காரணங்களை ஆராய்ந்தது. இலங்கையும் அதில் இருந்தது. புகை, கொலஸ்ரோல், பிரஷர், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை உட்பட ஒன்பது அம்சங்கள் சேர்ந்து பத்தில் ஒன்பது மாரடைப்பை விளக்கின. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்தது. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. இன்னும் வேலைக்குப் போகும் வயதிலேயே நம் ஆட்கள் விழுகிறார்கள். இந்த ஒன்பதில் எதுவும் லைசின் குறைவு அல்ல.

நம் மலையில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நெருக்கமான லயத்து அறைகளில் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவி, அதில் சிலருக்கு வாதக் காய்ச்சலாகி, இதய வால்வைக் கெடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கொரு முறை போடும் பென்சிலின் ஊசியை ஒரு தவணைகூடத் தவறவிடாதீர்கள். அந்த இதயத்தைக் காப்பது அதுதான்.

மருந்து விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் வகுத்த கொள்கையின்படி 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. பயனற்ற டானிக்குகளுக்கும் பெயர்ப் பகட்டுக்கும் நாட்டின் பணம் போகக்கூடாது, தேவையான மருந்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. அவர் மறைந்த 1977இல்தான் உலக சுகாதார நிறுவனம் தனது முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இன்றைய பட்டியலில் இதய நோய்ப் பகுதியைப் பாருங்கள்: அஸ்பிரின், ஸ்டட்டின், பிரஷர் மருந்துகள் இருக்கின்றன. ஒரு விற்றமின்கூட, ஓர் அமினோ அமிலம்கூட அங்கே இல்லை.

2016இல் நடந்த தேசிய ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அது 32 சதவீதம். நம் மக்களிடம் சத்துக் குறை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயமானது. கிடைக்கும் சம்பளத்தில் ஒரு குடும்பம் பருப்பும் முட்டையும் வாங்க முடியாவிட்டால் அது சம்பளப் பிரச்சினை. அதைப் புட்டியால் தீர்க்க முடியாது. தொழிற்சங்கமும் அரசாங்கமும் தீர்க்க வேண்டியது அது. வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் புட்டி வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பணத்தைப் பருப்புக்கும் முட்டைக்கும் அனுப்புங்கள். அம்மாவின் கிளினிக் திகதியைத் தொலைபேசியில் குறித்துவைத்து, முதல் நாள் ஞாபகப்படுத்துங்கள்.

இங்கிருக்கும் 35 வயது தாண்டிய எல்லோருக்கும் ஒரு வேலை தருகிறேன். பிரஷரும் சீனியும் பார்க்கும் சுகவாழ்வு நிலையத்துக்கு ஒரு தடவை போங்கள், காசு இல்லை. போகும்போது வீட்டில் உள்ள புட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டி, "என் உடம்பில் என்ன குறை? இதற்கு நான் எடுக்கிற இது மருந்தா?" என்று கேளுங்கள். குறை இருந்தால் அவரே எழுதித் தருவார். இல்லையென்றால், அடுத்த புட்டிக்கு வைத்த காசு உங்கள் கையிலேயே மிஞ்சும்.